மயிலின் கண்களை எண்ணியவர் யார்?

2017ஆம் ஆண்டு மே 31 அன்று, இராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தாம் ஓய்வு பெறும் நாளில் செய்தியாளர்களிடம் மயிலைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். ஆண் மயில் வாழ்நாள் முழுவதும் பிரம்மச்சாரி என்பதும், அது சிந்தும் கண்ணீரைப் பருகியே பேடை கருவுறுகிறது என்பதும் அவர் கூறியவை. நாடு முழுவதும் சிரித்தது. எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. விலங்கியல் ஆசிரியர்கள் பொறுமையாக விளக்கினார்கள். மயிலும் கோழியைப் போலவே புணர்கிறது. சேவல் பேடையின் முதுகின்மேல் ஏற, இரண்டின் பொதுக்கழிவுப்புழைகளும் ஒன்றையொன்று தொடும் அந்தச் சில நொடிகளில் விந்து இடம் மாறுகிறது. ஆட்டம் நெடுநேரம் நடக்கிறது, புணர்ச்சி நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆட்டத்தை ஊரே பார்க்கிறது, மற்றதை அனேகமாக யாரும் பார்ப்பதில்லை. கண்ணீர்க் கதைக்கு இடம் கொடுத்தது இந்த வேறுபாடே எனலாம்.

நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்த வாரமே என் மேசையில் கிடந்த பழைய கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. பள்ளி அறிவியல் மன்றத்துக்காக நானே எழுதியது அது. அதன் சாரம் வாசகர்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். 'ஆண் மயிலின் தோகையில் கண்கள் எத்தனை அதிகமோ அத்தனை அழகு. பேடை அவற்றைப் பார்த்து, அதிகக் கண்கள் உள்ள ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டும் புலியிடமிருந்து தப்பி வாழ்கிறதே, ஆகவே அந்த ஆண் வலிமையானது என்று பேடை அறிகிறது.' நம் இதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் வினாடி-வினா நூல்களிலும் இக்கதை சிறு மாறுதல்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. இதில் கண்ணீர் இல்லை, உண்மைதான். ஆனால் இதில் உள்ள மூன்று வாக்கியங்களையும் யார் எப்போது சோதித்தார்கள் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. நீதிபதி ஒரு கதையைக் கேட்டுச் சொன்னார். நானும் ஒரு கதையைக் கேட்டே எழுதியிருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் நான் குறை காண்பது முதலில் என்னிடத்திலேதான்.

கதையின் வேர் டார்வினிடம் இருக்கிறது. பிழைத்து வாழ உதவும் உறுப்புகளே நிலைபெறும் என்ற அவருடைய கொள்கைக்கு மயில் தோகை பெரும் இடைஞ்சலாக இருந்தது. அந்த இறகைப் பார்த்தாலே தமக்குக் குமட்டுகிறது என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். 1871இல் வெளியான மனிதத் தோற்றம் பற்றிய நூலில் விடையையும் தந்தார். தோகை பிழைப்பதற்காக உண்டானதன்று, பேடையின் தேர்வினால் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது என்பது அந்த விடை. பெண் பறவைக்கு அழகுணர்ச்சி உண்டு என்பதை அவருடைய நண்பர் வாலஸ் கூட ஏற்கவில்லை. விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. வியப்பு என்னவென்றால், இந்த நூற்றாண்டு முழுவதும் மயிலை எல்லாரும் உதாரணம் காட்டினார்களே தவிர, அதன் கண்களை எண்ணிப் பார்த்தவர் அரிது.

எண்ணியவர் மரியன் பெட்ரி. இங்கிலாந்தின் விப்ஸ்நேட் விலங்கியல் பூங்காவில் திரிந்த மயில்களை அவரும் உடனிருந்தவர்களும் கவனித்து 1991இல் முடிவை வெளியிட்டனர். மயில்களின் ஆடுகளம் என்பது ஆண்கள் பல அருகருகே தத்தமக்கென ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆடும் இடம். பேடைகள் வந்து சுற்றிப் பார்த்து, ஒன்றோடு இணைந்து, பின் தனியே போய் முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அவற்றின் தனிப் பொறுப்பு. விப்ஸ்நேட் ஆடுகளத்தில் இருந்த ஆண்கள் 10. இணைசேர்வதில் அவற்றிடையே காணப்பட்ட ஏற்றத்தாழ்வில் பாதிக்கு மேற்பட்டதைக் கண்களின் எண்ணிக்கையே விளக்கியது. வெற்றிபெற்ற 11 ஆட்டங்களில் 10இல், பேடை தான் பார்த்த ஆண்களில் அதிகக் கண்கள் உடையதையே தேர்ந்தது. பின்னர் சில ஆண்களின் தோகையிலிருந்து 20 கண்களை வெட்டி நீக்கியபோது அவற்றின் வெற்றி குறைந்தது (1994). நம் கட்டுரைகளின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் மூலம் இதுவே. நல்ல ஆராய்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவன் பத்துப் புள்ளிகளைக் குறித்து அவற்றின் வழியே நேர்கோடு இழுத்துக் கொண்டுவந்தால் நாங்கள் என்ன சொல்வோம்? 'சரி தம்பி, இன்னொரு தடவை செய்து பார்' என்போம்.

ஜப்பானில் செய்து பார்த்தார்கள். இஸு கள்ளிப் பூங்காவில் தகாஹாஷி குழுவினர் 7 ஆண்டுகள் கவனித்து, 268 இணைசேர்க்கைகளைப் பதிவு செய்து, 2008இல் முடிவைச் சொன்னார்கள். தோகை விரிவாக இருப்பதற்கும் பேடையின் தேர்வுக்கும் தொடர்பு எதையும் அவர்களால் காண முடியவில்லை. மயிலாட்ட உலகில் இது பெரிய பூசலைக் கிளப்பியது. முறை சரியில்லை என்றனர் சிலர், இடம் வேறு என்றனர் சிலர்.

இப்பூசலை ஓரளவு தெளிவாக்கியவர்கள் கனடாவைச் சேர்ந்த ராஸ்லின் டேக்கினும் ராபர்ட் மான்ட்கோமரியும். அவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். வளர்ந்த ஆண்களுக்கு 150க்கும் மேற்பட்ட கண்கள் இருக்கின்றன. ஆணுக்கு ஆண் இயல்பான வேறுபாடு மிகக் குறைவு. இறகு ஒடிந்தோ உதிர்ந்தோ போவதாலேயே பெரும்பாலும் எண்ணிக்கை குறைகிறது. இந்தச் சிறு வேறுபாட்டைப் பேடை பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆனால் ஏராளமான கண்களை வெட்டிவிட்டால் அந்த ஆணை ஒதுக்கிவிடுகிறது. அதாவது பெட்ரியின் கத்தரிச் சோதனை காட்டியது 'அதிகக் கண் அழகு' என்பதை அன்று, 'சிதைந்த தோகை ஆகாது' என்பதையே என்று கொள்ள இடமிருக்கிறது. பல் இல்லாத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன பெண், 32க்கு மேல் பல் இருந்தால் மகிழ்வாள் என்று அதற்குப் பொருளில்லையே. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

எண்ணிக்கை இல்லையென்றால் வேறு என்ன? இங்கேதான் என் துறை உள்ளே வருகிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன். மயில் இறகின் நீலமும் பச்சையும் சாயம் அல்ல. 1665இலேயே இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து, நனைத்தால் அந்நிறம் மறைவதைக் கவனித்தார். மெல்லிய படலங்களில் தோன்றும் நிறங்களோடு மயில் நிறத்தைச் சேர்த்துப் பேசினார் நியூட்டன். 2003இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தார் மின்னணு நுண்ணோக்கியின் வழியே முழு அமைப்பையும் காட்டினர. இறகின் நுண்கிளைகளில் மெலனின் என்னும் கருநிறப் பொருளாலான மிக நுண்ணிய கோல்கள், சன்னல் கம்பிகளைப் போல வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடைவெளி நீலப் பகுதியில் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. வெறும் 10 நானோமீட்டர் தள்ளி அடுக்கினால் நீலம் பச்சையாகிவிடுகிறது! நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எந்தச் சாயப்பட்டறையும் இந்தக் கணக்கில் வேலை செய்வதில்லை.

இப்படி உண்டாகும் நிறம், பார்க்கும் கோணத்துக்கும் ஒளி விழும் கோணத்துக்கும் ஏற்ப மாறும். ஆண் மயிலுக்கு இது தெரியுமோ தெரியாதோ, அதன் நடத்தை தெரிந்தது போலவே இருக்கிறது. தோகையை உதறி நடுங்கச் செய்யும்போது அது சூரியனுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாக, பேடையை நேர் முன்னே வைத்து நிற்பதை 2009இல் டேக்கினும் மான்ட்கோமரியும் அளந்து காட்டினர். பின்பு 2013இல் அதே கோணத்தில் ஒளியைப் பாய்ச்சிக் கண்களின் நீலப்பச்சைப் பகுதியை அளந்தபோது, இணைசேர்வதில் உள்ள ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ பாதியை அந்நிறமே விளக்கியது. கண்களின்மேல் வில்லை ஒட்டி மறைத்தால் அந்த ஆணுக்கு அனேகமாகப் பேடையே கிடைக்கவில்லை. ஆகவே பேடை கண்களைப் பார்க்கிறது என்ற நம் கதை முழுப் பொய்யன்று. அது எண்ணுவதில்லை, நிறத்தைப் பார்க்கிறது என்று திருத்திக்கொள்ள வேண்டும். அதுவும் இப்போதைக்கு.

அந்த நடுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில் குளிரால் நடுங்குகிறது என்றெண்ணிப் போர்வை கொடுத்த பேகனின் கதையைப் படிக்காத தமிழ் மாணவர் இல்லை. வள்ளலின் மடமையைப் புலவர்கள் ஈகையாகக் கொண்டாடினார்கள். இருக்கட்டும். நான் மெச்சுவது வேறொன்றை. விரித்த தோகை உண்மையிலேயே நடுங்குகிறது, அதைக் கூர்ந்து பார்த்தவர் எவரோ பழந்தமிழகத்தில் இருந்திருக்கிறார். 2016இல் அந்த நடுக்கம் அளக்கப்பட்டது. நொடிக்குச் சுமார் 25 அதிர்வுகள். இறகின் தளர்ந்த இழைகள் எல்லாம் அலைபாயும்போது கண்கள் மட்டும் அசையாமல் மிதப்பது போலத் தெரிகின்றன. கண் பகுதியின் இழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருப்பதே காரணம். ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்திலேயே தள்ளினால் குறைந்த முயற்சியில் உயரப் போகும் அல்லவா? தோகை இறகுக்கும் அப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, மயில் அதற்கு அருகிலேயே ஆட்டுகிறது. இவ்வாய்வில் பங்குகொண்ட சூசன் அமடோர் கேன் ஓர் இயற்பியல் பேராசிரியர். இதைச் சொல்வதில் எனக்குச் சிறிது சாதிப் பெருமை உண்டு, இயற்பியல் சாதி.

2018இல் அவருடைய குழு மயிலின் கொண்டையை ஆராய்ந்தது. கொண்டை இறகுகளும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்ணுக்கு இசைந்து ஆடுகின்றன. கொண்டை பேடைக்கும் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். சேவல் எழுப்பும் காற்றசைவைப் பேடை தன் கொண்டையால் உணரக்கூடும் என்கிறார்கள். 'கூடும்' என்பதுதான் இங்கே முக்கியமான சொல். செய்தித்தாள்கள் அதை விட்டுவிட்டு எழுதின. இதற்கு முன் 2015இல் ஏஞ்செலா ஃப்ரீமன், ஜேம்ஸ் ஹேர் என்ற இருவர், ஆட்டத்தின்போது நம் காதுக்கு எட்டாத, நொடிக்கு 20க்கும் குறைந்த அதிர்வுடைய ஒலி எழுவதையும், அதை ஒலிபரப்பியபோது மயில்கள் விழிப்படைவதையும் கண்டார்கள். 'மயிலின் இரகசியத் தொலைபேசி' என்ற தோரணையில் இது பரவியது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம், 340ஐ 20ஆல் வகுக்க, 17 மீட்டர். விரித்த தோகையின் அகலம் இரண்டு மீட்டர் அளவே. அலைநீளத்தைவிட மிகச் சிறிய பலகையை முன்னும் பின்னும் ஆட்டினால், முன்புறம் அமுங்கும் காற்று பக்கவாட்டில் வழுக்கிப் பின்புறம் போய்விடும். தொலைவுக்கு ஒலி போவது கடினம். விசிறியால் ஊரைக் கூப்பிட முடியாது, எதிரில் இருப்பவருக்குக் காற்று வீசலாம். பேடை நிற்பதோ சில அடி தூரத்தில். ஆகவே அருகிலிருக்கும் பேடைக்குக் காற்றசைவாக அது எட்டக்கூடும் என்பதை நம்புகிறேன், தொலைபேசியை நம்பத் தயங்குகிறேன்.

இனி சுமைக் கதைக்கு வருவோம். 1975இல் இஸ்ரேலிய உயிரியலார் அமோட்ஸ் ஸஹாவி முன்வைத்த கருத்து இது. தாங்கமுடியாத செலவு செய்து காட்டுபவன்தான் உண்மையில் பணக்காரன். அதுபோல இடைஞ்சலான தோகையைச் சுமப்பதே வலிமைக்குச் சான்று. கருத்து அழகானது. தோகை இடைஞ்சல்தானா என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை, பார்த்தாலே தெரிகிறதே! ஆனால் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஆஸ்க்யூ 2014இல், தோகையுடனும் தோகையை வெட்டிய பின்னும் மயில்கள் எழும்பிப் பறப்பதைப் படம் பிடித்து ஒப்பிட்டபோது, எழும்பும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நிலத்தில் நடப்பதற்கும் தோகை ஒரு தடையன்று என்று 2016இல் வந்த வேறோர் ஆய்வு சொன்னது. ஆண்டுதோறும் அத்தனை இறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்ப்பதற்கு ஆகும் செலவு வேறு கணக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் புலியிடமிருந்து தள்ளாடித் தப்பும் மயில் என்ற சித்திரத்தை நம் கட்டுரைகளிலிருந்து எடுத்துவிடலாம். என் கட்டுரையில் ஒரு புலிப் படமும் இருந்தது.

பேடை எங்கே பார்க்கிறது என்பதையும் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஜெசிக்கா யோர்ஜின்ஸ்கி என்பவர் பேடைகளின் தலையில் சிறு கருவி பொருத்தி, பார்வை செல்லும் இடத்தைப் பதிவு செய்தார் (2013). ஆடிக்கொண்டிருக்கும் ஆண்மேல் பேடையின் பார்வை இருந்தது மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவு. அதிலும் தோகையின் கீழ்ப்பகுதியிலேயே கண் ஓடியது. உச்சியில் நாம் வியந்து நிற்கும் வளைவை அது அனேகமாகப் பார்க்கவில்லை. மனிதன் எடுக்கும் மயில் படங்களில் உச்சி வளைவு தவறாமல் இருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் டார்வின் தோற்றாரா?' என்று மாணவர் கேட்கலாம். இல்லை. பெண்ணின் தேர்வு ஆணின் அலங்காரத்தை வளர்க்கும் என்பதற்குத் தெளிவான சான்று மயிலிடமிருந்து வரவில்லை, கென்யாவின் புல்வெளியிலிருந்து வந்தது. அங்கே ஒரு கரிய சிறு பறவையின் ஆணுக்கு வால் அரை மீட்டர் நீளம். சுவீடனைச் சேர்ந்த மால்டே ஆண்டர்சன் 36 ஆண்களைப் பிடித்து, சிலவற்றின் வாலை வெட்டிக் குறுக்கி, வெட்டிய துண்டைப் பசையால் வேறு சிலவற்றுக்கு ஒட்டி நீட்டினார். இன்னும் சிலவற்றுக்கு வாலை வெட்டி அதே இடத்தில் ஒட்டினார். பசையின் விளைவு என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே! நீட்டப்பட்ட வாலுடையவற்றின் எல்லைக்குள்ளேயே அதிகக் கூடுகள் அமைந்தன. 1982இல் வெளியான இச்சோதனையை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கலாம். ஒப்பீட்டுக் குழு என்றால் என்ன என்பதையும் சேர்த்தே கற்பித்துவிடலாம். ஆனால் நம் பக்கங்களில் இதைக் காண்பது அரிது. மயிலைப் போட்டால் அட்டைப்படம் நன்றாக இருக்கும், அதுதான்.

நம் எழுத்தின் சொற்களைப் பற்றியும் ஒரு குறை உண்டு. பறவைகளின் இணைசேர்க்கையை எழுதத் தொடங்கினால் நம் பேனா தானாகவே 'சுயம்வரம்', 'மணமகன்', 'கற்பு' என்று ஓடுகிறது. சோடியாக வாழும் பறவைகளை ஒருவனுக்கு ஒருத்தி என்று போற்றுகிறோம். மரபணுச் சோதனை வந்த பின், அப்படிச் சோடியாக வாழும் இனங்களிலும் குஞ்சுகளில் சராசரியாகப் பத்தில் ஒன்றுக்குத் தந்தை வேறு என்று தெரிகிறது. பறவைகள் கெட்டுப்போகவில்லை. நாம் சூட்டிய சொல்தான் பொருந்தவில்லை. அதுபோலவே 'ஆண் அழகு, பெண் எளிமை' என்று பொதுவிதி எழுதுகிறோம். நம் குளங்களில் உள்ள மயில் உள்ளானைப் பாருங்கள். அழகிய செந்நிறக் கழுத்து பேடைக்குத்தான். மங்கிய நிறமுள்ள ஆணே முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கிறது. சொல் விஷயத்தில் தமிழுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மயிலின் 'வால்' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது வால் அன்று. வாலுக்கு மேலே முதுகுப்புறத்தில் வளரும் மூடு இறகுகளே அப்படி நீண்டிருக்கின்றன. உண்மையான வால் குட்டையாக அதன் பின்னே நின்று தாங்குகிறது. தோகை என்றும் பீலி என்றும் நம்மிடம் தனிச் சொற்கள் இருக்கும்போது நாமும் ஏன் 'வால்' என்று மொழிபெயர்க்கிறோம்?

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. மேலே சொன்ன இடங்களைத் திரும்பப் பாருங்கள். இங்கிலாந்து, ஜப்பான், கனடா. எல்லாம் கொண்டுபோய் விடப்பட்ட மயில்கள். தீனி போடப்படுகிறது, புலியும் இல்லை. மயிலின் தாயகம் நம் நாடு. 1963 முதல் நம் தேசியப் பறவை. கோயமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் விராலிமலையிலும் தினமும் பார்க்கிறோம். விதைத்ததைக் கொத்துகிறது என்று உழவர்கள் முறையிடுகிறார்கள். ஆனால் இயற்கைச் சூழலில் அதன் இணைசேர்க்கையைப் பற்றி இங்கே நடந்த ஆய்வுகள் மிகச் சிலவே. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் யாஸ்மினும் யாஹ்யாவும் 1996இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று. நரியும் நாயும் உள்ள இடத்தில், அடர்ந்த புதருக்கிடையில், நம் வெயிலில், பேடை எதைப் பார்க்கிறது என்ற கேள்விக்கு விப்ஸ்நேட் புல்தரையில் கிடைத்த விடையையே நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு திசைகாட்டி, கைக்கடிகாரம், குறிப்பேடு, விடியற்காலையில் எழும் பழக்கம் ஆகியவை போதும். மயிலைத் தொடவோ துரத்தவோ கூடாது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. தென்னாட்டில் ஆட்டம் மிகுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது கல்லூரிக்கும் விடுமுறை.

போன கோடையில் இளநிலை மாணவர் நால்வரோடு நான் ஓர் ஊர்ப்புறக் கரட்டுக்குப் போனேன். மயிலுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணத்தை அளப்பதாகத் திட்டம். வேலியோரம் மறைந்து உட்கார்ந்தோம். ஆறரை மணிக்கு ஒரு சேவல் தோகையை விரித்தது. மாணவன் திசைகாட்டியைத் தூக்குவதற்குள் அது மெல்லத் திரும்பி, பழுப்பு இறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. பேடை அருகில் வரும்போது சேவல் முதலில் அதற்கு முதுகைக் காட்டுவது வழக்கம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பேடை எங்கள் பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். தேடினோம், தென்படவில்லை. குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு, கோணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மறுநாளும் வருவதென்று முடிவு செய்து தேநீர் குடிக்கப் போனோம்.